கோவையில் வழக்கு, சித்தூர் தாலுகாவில் வீடு: 16 வயதுப் பையனுக்குப் போதை சிகிச்சையை எங்கே, எப்படித் தொடங்குவது?

ஆற்றுப்படுத்துநர், கிணத்துக்கடவு (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். இளைஞர் நீதிக் குழுமம் (சிறார் வழக்குகளை விசாரிக்கும் அமைப்பு), கூர்நோக்கு இல்லம் (விசாரணையின்போது சிறாரை வைக்கும் இடம்), மனநல வார்டு என்று ஏதோ ஒரு பக்கம் வேலை பார்ப்பவர்கள் இங்கே இருப்பதால் கேட்கிறேன். பையன் யாரென்று தெரியாத அளவுக்கு விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

வயது 16. வீடு வேலந்தாவளத்துக்கு அந்தப் பக்கம், கேரளாவின் பாலக்காடு மாவட்டம், சித்தூர் தாலுகா. வீட்டில் பேச்சு தமிழ்தான், படித்ததும் தமிழ் மீடியம். பத்தாவது பாதியில் நின்றுவிட்டு கோவைப் பக்கம் ஒரு ஒர்க்‌ஷாப்பில் வேலை. பெரியவர்கள் இரண்டு பேரோடு பைக் திருட்டு வழக்கில் தமிழ்நாட்டு எல்லைக்குள் பிடிபட்டான். குழுமம் ஜாமீன் கொடுத்துவிட்டது. நிபந்தனை: போதை மீட்பு மையத்தில் சேர்ந்து, முடித்ததற்குச் சான்றிதழ் கொண்டுவர வேண்டும்.

வலி மாத்திரையைக் கரைத்து ஊசியாகப் போட்டுக்கொள்கிறான். கஞ்சா உண்டு. கூல் லிப் (உதட்டுக்குள் வைக்கும் புகையிலைப் பொட்டலம்) நாள் முழுக்க வாயில். வெளியே வந்ததும் மறுபடி தொடங்கிவிட்டான் என்று அம்மா அழுகிறார்.

விசாரித்த மையங்கள் 18 வயதுக்கு மேல்தான் என்கின்றன. ஒரே ஒரு இடம் மட்டும் வயதையே கேட்கவில்லை, மூன்று மாதத்துக்கு முன்பணம் கேட்டது. எங்கே சேர்ப்பது? பாலக்காட்டுப் பக்கம் சிகிச்சை எடுத்தால் கோவைக் குழுமம் ஏற்றுக்கொள்ளுமா?

பொள்ளாச்சி வக்கீல்

மேடம், சட்டப் பக்கத்தை முதலில் முடித்துவிடுகிறேன்.

2015 இளைஞர் நீதிச் சட்டம், அதாவது ஜே.ஜே. சட்டம், பிரிவு 12(4)-ன்படி, ஜாமீன் நிபந்தனையை 7 நாளுக்குள் நிறைவேற்ற முடியாவிட்டால் நிபந்தனையை மாற்றுவதற்காகச் சிறாரைக் குழுமத்தின் முன் கொண்டுபோக வேண்டும். பெரும்பாலும் ஜாமீன்தாரர் கிடைக்காமல் இல்லத்திலேயே இருக்கும் பிள்ளைகளுக்குத்தான் இதைப் பயன்படுத்துகிறோம். வெளியே வந்தவனுக்கும் அதே நியாயத்தைக் காட்டி மாற்றக் கோரலாம். மையங்கள் மறுத்ததை வாய்மொழியாகச் சொல்லாதீர்கள். எழுத்தில் தரமாட்டார்கள் என்றால், எந்தத் தேதியில் எந்த மையத்தில் யாரிடம் பேசினோம், என்ன பதில் வந்தது என்று நன்னடத்தை அலுவலர் ஒரு பக்கக் குறிப்பாவது வைக்கட்டும்.

அடுத்தது, போதை மீட்புத் திட்டத்துக்குப் போகச் சொல்லும் அதிகாரம் 18(2)-ல் வருகிறது. அது விசாரணை முடிந்து போடும் உத்தரவோடு சேர்ந்தது. ஜாமீன் கட்டத்தில் 12(1) தருவது நன்னடத்தை அலுவலரின் மேற்பார்வையும் தகுதியுள்ள நபரின் பராமரிப்பும்தான். ஆகவே மனுவில், “மையத்தில் சேர்ந்து சான்றிதழ்” என்பதை எடுத்துவிட்டு, “நன்னடத்தை அலுவலர் மேற்பார்வையில் அரசு மருத்துவமனை மனநலப் பிரிவில் சிகிச்சை, வருகை அறிக்கை மட்டும் குழுமத்துக்கு” என்று மாற்றக் கேளுங்கள்.

சாதாரணத் திருட்டுப் பிரிவில், அதாவது பி.என்.எஸ். (பழைய ஐ.பி.சி.க்குப் பதில் வந்த சட்டம்) 303(2)-ல் பதிவாகியிருந்தால் அதிகபட்சத் தண்டனை 3 வருடம். ஜே.ஜே. சட்டத்தில் அது சிறு குற்றம். விசாரணையை 4 மாதத்தில் முடிக்க வேண்டும், 2 மாதம் நீட்டிக்கலாம். அதிலும் முடியாவிட்டால் 14(4)-ன்படி நடவடிக்கை அற்றுப்போகும். வழக்கை மட்டும் நம்பித் தொங்கும் சிகிச்சைத் திட்டம் வழக்கு முடிகிற அன்றே விழுந்துவிடும். அதனால்தான் சிகிச்சையை மருத்துவமனைச் சீட்டில் ஊன்றச் சொல்கிறேன், வழக்குக் கோப்பில் அல்ல.

எல்லை விஷயம்: சொந்த மாவட்டக் குழுமத்துக்கு மாற்றுவது பிரிவு 95. சட்டத்துக்கு முரண்பட்ட சிறார், அதாவது குற்றம் சாட்டப்பட்ட சிறார் என்றால் இறுதி உத்தரவுக்குப் பிறகுதான் மாற்ற முடியும். அதுவரை வழக்குக் கோப்பு கோவையில் இருக்கும். பையனின் சிகிச்சை கோவையில் இருக்க வேண்டுமென்று எந்தப் பிரிவும் சொல்லவில்லை.

மனநல வார்டு செவிலி

வக்கீல் சார் மனு ஒரு பக்கம் நடக்கட்டும். இந்தப் பையன் இன்றைக்கும் ஊசி போடுகிறான் என்றால் மருத்துவமனைக்குப் போக மனு முடியும்வரை காத்திருக்கக் கூடாது. ஓ.பி. சீட்டு வாங்க எந்த உத்தரவும் வேண்டாம், எந்த மாநிலம் என்றும் கேட்க மாட்டார்கள்.

வலி மாத்திரை என்று எல்லோரும் சொல்வது பெரும்பாலும் டிரமடால் அல்லது தபென்டடால். இரண்டும் ஓபியாய்டு வகை, அதாவது அபின் போல வேலை செய்பவை. நிறுத்திய 8 முதல் 24 மணி நேரத்துக்குள் கொட்டாவி, மூக்கொழுகல், கண்ணீர், உடம்பெல்லாம் மயிர்க்கூச்சு தொடங்கும். இரண்டாம் மூன்றாம் நாள் உச்சம். கால் குடைச்சல், வயிற்றுப்போக்கு, வாந்தி, தூக்கம் சுத்தமாக இருக்காது. 7 முதல் 10 நாளில் உடம்பு அடங்கும். ஆசை அடங்காது. இந்த உச்சநாளில் பையன் சுவரில் முட்டினால் இல்லத்தில் “அடங்காதவன்” என்று எழுதிவிடுகிறார்கள். வியர்வை, கண்மணியின் (கருவிழி நடுவிலுள்ள கரும்புள்ளி) அளவு, நாடித்துடிப்பு மூன்றையும் பார்த்தாலே இது உடம்பு படும் பாடு என்று தெரிந்துவிடும். கண்மணி அகன்றிருந்தால் போதை இறங்கிக்கொண்டிருக்கிறது. குண்டூசி முனை அளவுக்குச் சுருங்கியிருந்தால் இப்போதுதான் போட்டிருக்கிறான், மூச்சைக் கவனியுங்கள்.

இன்னொன்று, இந்த இரண்டு மாத்திரையிலும் வலிப்பு வரக்கூடும். டிரமடாலில் அந்த ஆபத்து அதிகம். கூடவே தூக்க மாத்திரையும் போடுகிறானா என்று தனியாகக் கேளுங்கள். அல்பிரசோலம், நைட்ரசிபாம் போன்றவற்றைத் திடீரென்று நிறுத்தினாலும் வலிப்பு வரும். “என்ன மாத்திரை” என்று கேட்டால் பெயர் சொல்ல மாட்டான். “அட்டை என்ன கலர், எந்தப் பக்கம் கோடு” என்று கேட்டால் சொல்லிவிடுவான். காலி அட்டை கிடைத்தால் எடுத்து வாருங்கள்.

மருந்து விஷயம் டாக்டர் முடிவு. பொதுவாக நடப்பதைச் சொல்கிறேன். லேசாக இருந்தால் குளோனிடின், வயிற்றுப்போக்குக்கும் வாந்திக்கும் வலிக்கும் தனித்தனி மருந்து. குளோனிடின் கொடுப்பதற்கு முன் ஒவ்வொரு வேளையும் ரத்த அழுத்தம் பார்க்க வேண்டும், 90/60-க்குக் கீழே இருந்தால் அந்த வேளை நிறுத்த வேண்டும். வீட்டில் அழுத்தம் பார்க்க ஆள் இல்லாமல் இந்த மருந்தைக் கையில் கொடுத்தனுப்பக் கூடாது. கடுமையாக இருந்தால் புப்ரனார்பின் (ஓபியாய்டுக்கு மாற்றாகக் கொடுக்கும் மருந்து). 18-க்குக் கீழே அது மனநல மருத்துவர் யோசித்து, பெற்றோர் ஒப்புதலோடு எடுக்கும் முடிவு. இறங்கு அறிகுறி, அதாவது போதை இறங்கும்போது வரும் தொல்லைகள், கண்ணுக்குத் தெரிந்த பிறகே முதல் மாத்திரை. ஊசியின் வேகம் இருக்கும்போதே கொடுத்தால் அறிகுறிகள் எல்லாம் ஒரே அடியாக வந்து, பையன் எழுந்து ஓடிவிடுவான், அப்புறம் மருத்துவமனைப் பக்கமே வரமாட்டான். நால்ட்ரெக்சோன் (ஓபியாய்டு வேலை செய்யாமல் தடுக்கும் மருந்து) என்றால் 7 முதல் 10 நாள் எந்த ஓபியாய்டும் உடம்பில் இல்லாமல் இருக்க வேண்டும்.

கையைப் பாருங்கள். முழங்கை மடிப்பில் தடித்த கோடு, தொட்டால் கயிறு மாதிரி உருளும் நரம்பு, சிவந்து சூடான வீக்கம். மாத்திரையில் இருக்கும் சுண்ணப்பொடியும் பசையும் எவ்வளவு கரைத்தாலும் ரத்தத்தில் கரையாது, சிறு நாளங்களை அடைக்கும். வீக்கத்தோடு காய்ச்சல், அல்லது ஒரு கை மட்டும் கனத்து நீலம் பாய்ந்தால் மனநல ஓ.பி.க்குப் போகாதீர்கள், நேராக அவசரப் பிரிவு. எச்.ஐ.வி., மஞ்சள் காமாலை பி, சி மூன்றுக்கும் ரத்தம் கொடுக்க வேண்டும், 3 மாதத்தில் மறுபடியும். நம்பிக்கை மையத்தில் (அரசின் எச்.ஐ.வி. ஆலோசனை, சோதனை மையம்) எச்.ஐ.வி. சோதனை இலவசம், 18-க்குக் கீழே பெற்றோர் கையெழுத்து தேவை. பி தடுப்பூசி 0, 1, 6 மாதம்.

கூல் லிப்பை மறந்துவிடாதீர்கள். நிகோடின் இறங்கும் எரிச்சல் இரண்டாம் மூன்றாம் நாளில் உச்சமாகும், ஊசி இறங்கும் அதே நாட்களில். இரண்டையும் ஒரே நாளில் பிடுங்கினால் பிள்ளை தாங்க மாட்டான். நிகோடின் சூயிங்கம் 2 மி.கி. கொடுக்கலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

ஓய்வுபெற்ற நன்னடத்தை அலுவலர்

எல்லோரும் சொல்வது சரி. ஆனால் நடைமுறை வேறு. அந்த வீட்டுக்கும் ஒர்க்‌ஷாப்புக்கும் நடுவிலேதான் மாத்திரை விற்பவனும் இருக்கிறான். ஜாமீனை ரத்து செய்து இரண்டு மாதம் கூர்நோக்கு இல்லத்தில் வைத்தால் ஊசி கிடைக்காது, உடம்பும் தேறும். 12(1)-லேயே “உடல், மன ரீதியான ஆபத்து” என்ற காரணம் இருக்கிறது. பையனைப் பறிகொடுப்பதைவிட அது மேல் என்பது என் கருத்து.

மனநல வார்டு செவிலி

ஐயா, உங்கள் பயம் எனக்கும் உண்டு. ஆனால் பறிகொடுப்பது பெரும்பாலும் நீங்கள் சொல்லும் வழியில்தான் நடக்கிறது.

இரண்டு மாதம் ஊசி இல்லாமல் இருந்தால் உடம்பின் தாங்குசக்தி இறங்கிவிடும். மனதின் கணக்கு பழைய அளவிலேயே நிற்கும். வெளியே வந்த அன்று பழைய அளவையே போடுகிறான், மூச்சு நிற்கிறது. அடைத்து வைத்து விட்ட பிறகு வரும் முதல் இரண்டு வாரம்தான் ஓபியாய்டு சாவுக்கு மிக ஆபத்தான காலம். சிறையிலிருந்து வெளியே வருபவர்களைப் பற்றிப் பல நாடுகளில் செய்த ஆய்வுகள் எல்லாம் இதையே சொல்கின்றன. சிகிச்சை இல்லாத அடைப்பு பையனை அந்த ஆபத்துக்குத் தயார் செய்து அனுப்புகிறது.

உள்ளே வைத்தால் மூன்று விஷயம் கட்டாயம் நடக்க வேண்டும்: முதல் 24 மணி நேரத்தில் மருத்துவப் பரிசோதனை, இறங்கு அறிகுறிக்கு மருந்து, வெளியே போகும் நாளுக்கு முன்பே ஓ.பி. தேதி. மூன்றில் ஒன்று இல்லையென்றாலும் வைக்காதீர்கள்.

பொள்ளாச்சி வக்கீல்

ஐயா குறிப்பிட்ட காரணம் சட்டத்தில் இருக்கிறது. ஆனால் விடுவித்தால் ஆபத்து என்பதற்கு நியாயமான ஆதாரம் என்ன, எந்தச் சூழ்நிலை இந்த முடிவுக்குத் தள்ளியது என்று குழுமம் எழுதியாக வேண்டும். “போதைப் பழக்கம் உள்ளது” என்ற ஒரு வரி போதாது.

உண்மையிலேயே இல்லத்தில் இருக்கும் பிள்ளைக்கு உள்நோயாளி சிகிச்சை தேவைப்பட்டால் அதற்கென்றே பிரிவு 93 இருக்கிறது. மனநல மருத்துவமனைக்கோ ஒருங்கிணைந்த மறுவாழ்வு மையத்துக்கோ மாற்றலாம். அந்த மாற்றம் உள்நோயாளி சிகிச்சைக்குத் தேவைப்படும் காலத்துக்கு மட்டும். பிரிவில் இன்னும் 1987 மனநலச் சட்டம் என்றே அச்சாகியிருக்கும். இன்று நடைமுறையில் உள்ளது 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம். மனுவில் அதையும் குறிப்பிடுங்கள்.

பாலக்காடு சிறார் உளவியல்

அந்த 2017 சட்டத்தின் பிரிவு 87-ஐ இழையைத் தொடங்கியவர் அச்செடுத்துக் கையில் வைத்துக்கொள்ளலாம். 18-க்குக் கீழே உள்ளவரை உள்நோயாளியாகச் சேர்க்க: மனநல மருத்துவர் ஒருவரும் இன்னொரு மனநல மருத்துவரோ மனநலப் பணியாளரோ மருத்துவரோ தனித்தனியாகப் பரிசோதித்திருக்க வேண்டும். பெரியவர்களோடு ஒரே இடத்தில் வைக்கக் கூடாது. பெற்றோரோ அவர் நியமித்தவரோ முழுக் காலமும் கூடவே தங்க வேண்டும். சேர்த்த 72 மணி நேரத்துக்குள் மனநல மறுஆய்வு வாரியத்துக்குத் தகவல் போக வேண்டும். 30 நாளைத் தாண்டினால் வாரியம் ஆய்வு செய்ய வேண்டும்.

தனி இடம் இல்லாத மையம் 18 வயதைக் காட்டி மறுப்பது ஒருவகையில் நேர்மை. வயதையே கேட்காமல் மூன்று மாத முன்பணம் கேட்ட இடத்துக்குப் பையனை அனுப்பாதீர்கள். எந்த மையமானாலும் நான்கு கேள்வி: மாநில மனநல ஆணையப் பதிவு எண் என்ன? மனநல மருத்துவர் எந்தெந்தக் கிழமை வருகிறார்? தாய் கூடத் தங்கலாமா? இரவில் 18-க்குக் கீழே உள்ளவர் எங்கே படுக்கிறார்? கடைசிக் கேள்விக்கு நேராகச் சென்று அறையைப் பார்க்காமல் பதிலை நம்ப வேண்டாம். “முதல் 15 நாள் வீட்டார் பார்க்கக் கூடாது” என்று சொல்லும் இடத்திலிருந்து அப்படியே திரும்பி வந்துவிடுங்கள்.

இனி ஆலோசனைப் பக்கம். கிராஃப்ட் என்ற, போதைப் பழக்கத்தைக் கண்டறியும் கேள்விப் படிவம் 12 முதல் 21 வயதுக்கானது, முக்கியமான ஆறு கேள்விகள், இரண்டுக்கு “ஆமாம்” வந்தாலே விரிவாகப் பார்க்க வேண்டும். இந்தப் பையனுக்கு அது தேவையே இல்லை, ஊசி வந்துவிட்டது. இவனிடம் கேட்க வேண்டியது வேறு: எந்த மணி நேரம், யாரோடு, போடுவதற்கு முன் அரை மணி நேரத்தில் என்ன நடந்தது, போட்ட பின் எது சரியானது. பெரும்பாலான பிள்ளைகளுக்கு விடை ஒரு குறிப்பிட்ட இடத்தில் போய் நிற்கும். ஒர்க்‌ஷாப் சம்பளம் கைக்கு வரும் சனிக்கிழமை மாலை, அப்பா குடித்துவிட்டு வரும் நேரம், அல்லது தூங்க முடியாத பின்னிரவு. சிகிச்சைத் திட்டம் அந்த மணி நேரத்துக்குத்தான் எழுதப்பட வேண்டும். சனிக்கிழமை மாலை தாய்மாமன் போய்ப் பையனை அழைத்து வருவதும், சம்பளத்தை முதலாளி அம்மாவிடம் தருவதும் சிகிச்சைதான்.

தற்கொலை எண்ணம் பற்றி முதல் சந்திப்பிலேயே நேரடியாகக் கேளுங்கள். கேட்பதால் எண்ணம் வராது. பிடிபட்ட அவமானமும் மருந்து இறங்கும் சோர்வும் ஒன்றாக வரும் வாரம் இது.

குழு ஆலோசனை என்று கடுமையாகப் பழகியவர்களையும் தொடக்க நிலையில் இருப்பவர்களையும் ஒரே வட்டத்தில் உட்கார வைக்காதீர்கள். விற்பவனின் போன் நம்பர் அங்கேதான் கைமாறும். வளரிளம் பருவத்தினரின் குழுக்களில் ஒருவர் தவறை மற்றவர் சிரித்து ஊக்குவிப்பதால் நிலை மோசமாகிறது என்பது 1999-லேயே ஆய்வில் வந்துவிட்டது. தனி ஆலோசனையும் குடும்ப ஆலோசனையும்தான் இந்த வயதுக்குப் பலன் தருகின்றன. முதல் மாதம் வாரம் ஒன்று, பிறகு இரண்டு வாரத்துக்கு ஒன்று, மொத்தம் குறைந்தது மூன்று மாதம். அதற்குக் குறைந்தால் நிற்பது கடினம்.

மொழி முக்கியம். சித்தூர் தாலுகாவில் தமிழ் மீடியத்தில் படித்த பிள்ளைகள் மலையாளத்தில் கடையில் பேசுவார்கள், மனம் விட்டுப் பேசத் தமிழ்தான் வேண்டும். தமிழ் தெரிந்த ஆலோசகரை மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகிடம் குறிப்பிட்டுக் கேளுங்கள்.

ஆய்வக நுட்பர், எல்லையோரம்

சிறுநீர் சோதனை பற்றி யாரும் சொல்லவில்லை. குழுமங்கள் மாதாமாதம் கேட்கின்றன, அறிக்கையைத் தவறாக வாசிக்கின்றன.

கஞ்சா ஸ்ட்ரிப்பின் (சிறுநீரில் நனைத்துப் பார்க்கும் சோதனைப் பட்டை) வரம்பு பொதுவாக மி.லி.க்கு 50 நானோகிராம். எப்போதாவது புகைப்பவருக்கு 3 நாள் வரை காட்டும். தினம் புகைத்தவருக்கு நிறுத்தி 30 நாள் ஆனாலும் காட்டலாம். ஆகவே மூன்றாம் வாரத்தில் பாசிட்டிவ் வந்தால் “மறுபடி புகைத்தான்” என்று எழுத முடியாது. எம்.டி.எம்.ஏ. என்ற போதை மாத்திரை 2 முதல் 4 நாள். சளி மாத்திரையில் உள்ள சூடோஎஃபெட்ரின் ஆம்ஃபெட்டமின் ஸ்ட்ரிப்பில் பொய்யாகக் காட்டும்.

இந்தப் பையன் விஷயத்தில் பெரிய ஓட்டை இது: ஓபியேட் ஸ்ட்ரிப் மார்ஃபின், ஹெராயின் வகைக்கானது. டிரமடாலுக்கும் தபென்டடாலுக்கும் தனித்தனி ஸ்ட்ரிப் வேண்டும். ஐந்து பொருள் சோதனை நெகட்டிவ் என்று அறிக்கை வந்தால் அவன் ஊசியை விட்டுவிட்டான் என்று பொருள் இல்லை. வழக்கில் பயன்படும் எந்த பாசிட்டிவையும் ஜி.சி.எம்.எஸ். என்ற துல்லியமான ஆய்வக முறையில் உறுதி செய்யாமல் ஏற்கக் கூடாது.

பாலக்காடு சிறார் உளவியல்

நுட்பர் சார் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். சோதனை முடிவு மருத்துவரின் மேசைக்குப் போகட்டும், குழுமத்தின் மேசைக்கு வேண்டாம். பாசிட்டிவ் வந்தால் ஜாமீன் போகும் என்று தெரிந்த அன்றே பையன் அடுத்தவன் சிறுநீரைக் கொண்டுவருவான், மருத்துவரிடம் உண்மை சொல்வதையும் நிறுத்திவிடுவான். மறுபடி போட்டுக்கொண்டதை அவன் வாயாலேயே சொல்கிற உறவு கிடைத்தால்தான் சிகிச்சை நடக்கிறது என்று அர்த்தம். நெகட்டிவ் வரும் வாரங்களுக்குச் சின்னப் பரிசு, ஒரு டாப்-அப், ஒரு சினிமா டிக்கெட் கொடுக்கும் முறை நன்றாக வேலை செய்கிறது. பரிசு அன்றைக்கே கைக்கு வர வேண்டும்.

மீனாட்சிபுரம் ஆசிரியை

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். எங்கள் பக்கம் 13 வயதுப் பிள்ளை பஞ்சர் சொல்யூஷன் முகர்கிறான். வழக்கு எதுவும் இல்லை. இதே வழிதானா?

மனநல வார்டு செவிலி

இல்லை டீச்சர். குற்றம் எதுவும் இல்லாத பிள்ளை குழுமத்துக்குப் போகக் கூடாது. போதைக்கு இழுக்கப்படும் ஆபத்தில் உள்ள பிள்ளை ஜே.ஜே. சட்டம் 2(14)-ன்படி பாதுகாப்பு தேவைப்படுபவன், குழந்தைகள் நலக் குழுவுக்குத்தான் போக வேண்டும். குழந்தைகள் உதவி எண் 1098-ல் சொல்லுங்கள்.

முகர்ந்த நிலையில் பார்த்தால் துரத்தாதீர்கள், கத்தாதீர்கள். அந்த நேரத்தில் ஓடினாலோ பயந்தாலோ இதயத்துடிப்பு தாறுமாறாகி அங்கேயே உயிர் போகலாம். ஜன்னலைத் திறந்து, உட்கார வைத்து, மெதுவாகப் பேசுங்கள். பிள்ளைக்குக் கால் தளர்ந்து எழ முடியாமல் போனால் பொட்டாசியம் இறங்கியிருக்கலாம், உடனே மருத்துவமனை. வாயைச் சுற்றிச் சொறி, சட்டையில் பசை வாசம், இவைதான் அடையாளம். சிறுநீர் ஸ்ட்ரிப்பில் இது தெரியாது, இதற்கென்று தனி மருந்தும் கிடையாது. 2019-ல் வந்த தேசியப் போதைப்பொருள் கணக்கெடுப்பில் பெரியவர்களைவிடப் பிள்ளைகளிடம் அதிகம் இருந்த ஒரே பொருள் இந்த முகரும் வகைதான்: பிள்ளைகள் 1.17 சதவீதம், பெரியவர்கள் 0.58. தனி இழை தொடங்குங்கள், வந்து விரிவாக எழுதுகிறேன்.

கொழிஞ்சாம்பாறை களப்பணி

கேரளப் பக்கம் என்ன கிடைக்கும் என்று சொல்கிறேன். கலால் துறையின் விமுக்தி என்ற போதை ஒழிப்புத் திட்டத்தில் ஆலோசனைக்கு 14405. பாலக்காடு மாவட்டத்தின் விமுக்தி மையம் அட்டப்பாடி கோட்டத்தறை பழங்குடியினர் மருத்துவமனையில். வேலந்தாவளத்திலிருந்து மண்ணார்க்காடு சுரம் வழியாகப் போனால் ஒரு நாளே போய்விடும், கோவை வந்து ஆனைகட்டி வழியாகப் போவது சுலபம். அப்படியானால் கோவையிலேயே இறங்கி அரசு மருத்துவமனையில் பார்ப்பது தாய்க்கு எளிது. கூலி வேலைக்காரத் தாய், வாரம் ஒரு நாள் கூலி போகிறது என்பதையும் திட்டத்தில் கணக்கிடுங்கள். ஆலோசனையை மட்டும் சித்தூர்ப் பக்கம் தமிழில் வைத்துக்கொள்ளலாம்.

மருந்தை மட்டும் இரண்டு பக்கமும் வாங்காதீர்கள். புப்ரனார்பின் தொடங்கினால் பதிவு ஒரே இடத்தில், கண்முன்னே நாக்கடியில் கரையும் வரை நின்று பார்த்துக் கொடுப்பது வழக்கம். விடுமுறை நாளில் என்ன செய்வது என்று தொடங்கும் நாளிலேயே கேட்டு எழுதி வாங்குங்கள். பொங்கல், ஓணம், இரண்டு பண்டிகைக்கும் இரண்டு பக்கமும் மூடியிருக்கும், பிள்ளைகள் நழுவுவது அந்த வாரங்களில்.

தமிழ்நாட்டு நன்னடத்தை அலுவலரின் சமூக விசாரணை அறிக்கை (பையனின் குடும்பம், சூழ்நிலை பற்றியது) தமிழில் இருக்கும். பாலக்காட்டுப் பக்கம் அதைப் படிக்க ஆள் தேட வேண்டியிருக்கும். ஒரு பக்க ஆங்கிலச் சுருக்கம் இணைத்து அனுப்பச் சொல்லுங்கள். மருத்துவமனைச் சுருக்கம் எப்படியும் ஆங்கிலத்தில்தான். அதை இரண்டு நகல் எடுங்கள், அம்மா போனிலும் போட்டோ இருக்கட்டும்.

ஓய்வுபெற்ற நன்னடத்தை அலுவலர்

செவிலி அம்மா சொன்னதை யோசித்தேன். வெளியே வரும் இரண்டு வாரத்தைப் பற்றிய எச்சரிக்கை தனிநபர் பராமரிப்புத் திட்டத்தின் படிவத்தில் எழுதப்பட வேண்டிய ஒன்று, இதுவரை அங்கே அதைப் பார்த்ததில்லை. என் கேள்வி இதுதான்: மாத்திரை விற்றவனை என்ன செய்வது? அவன் வெளியே இருக்கும்வரை எந்தத் திட்டமும் ஓடாது.

பொள்ளாச்சி வக்கீல்

ஐயா, ஜே.ஜே. சட்டம் பிரிவு 77: மருத்துவர் சொல்லாமல் குழந்தைக்குப் போதைப்பொருள், மது, புகையிலை கொடுத்தால் 7 வருடம் வரை கடுங்காவல், 1 லட்சம் வரை அபராதம். குழந்தையை விற்கவோ கடத்தவோ பயன்படுத்தினால் பிரிவு 78, அதே தண்டனை. டிரமடால் 2018 முதல் என்.டி.பி.எஸ். (போதைப்பொருள் தடுப்புச் சட்டம்) பட்டியலிலும் உண்டு. பெரியவர்கள் இருவரும் பையனுக்கு மாத்திரை கொடுத்துத்தான் வேலை வாங்கினார்கள் என்றால் இந்த வழக்கில் பையன் பாதிக்கப்பட்டவனும்கூட. சமூக விசாரணை அறிக்கையில் அது இடம்பெற வேண்டும், அதை எழுத நன்னடத்தை அலுவலருக்கு இரண்டு வாரம் இருக்கிறது.

ஆனால் ஆலோசகரிடம் பையன் சொன்னதைப் போலீஸுக்கு எடுத்துக் கொடுக்காதீர்கள். பிரிவு 99 குழுமத்தின் முன் வரும் அறிக்கைகளை ரகசியம் என்கிறது, 2017 மனநலச் சட்டமும் சிகிச்சை விவரத்தைக் காக்கிறது. விதிவிலக்கு ஒன்று: பாலியல் வன்முறை தெரியவந்தால் போக்சோ பிரிவு 19-ன்படி சொல்லியாக வேண்டும். இந்த எல்லையை முதல் சந்திப்பிலேயே பையனிடம் சொல்லிவிடுங்கள். நடுவில் தெரிந்தால் ஏமாற்றப்பட்டதாக நினைப்பான்.

ஆற்றுப்படுத்துநர், கிணத்துக்கடவு

எல்லோருக்கும் மிக்க நன்றி. நன்னடத்தை அலுவலரிடம் பேசிவிட்டேன். மனுவின் முக்கிய வரிகள் இப்படி: “சிறார் கோவை அரசு மருத்துவமனை மனநலப் பிரிவில் வாரம் ஒருமுறை சிகிச்சை பெறுவார். தாய் உடன் வருவார். பாலக்காடு மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு ஆலோசனைக்கு ஏற்பாடு செய்யும். மருத்துவமனை மாதம் ஒருமுறை அறிக்கை அனுப்பும்.” சரியா?

பொள்ளாச்சி வக்கீல்

மூன்று திருத்தம். “வாரம் ஒருமுறை” வேண்டாம், “மருத்துவர் குறிக்கும் நாட்களில்” என்று போடுங்கள். முதல் பத்து நாள் தினமும் போக வேண்டியிருக்கும், அப்போது உத்தரவை மீறியதாக ஆகக் கூடாது. “அறிக்கை” என்ற இடத்தில் “வருகை பற்றிய அறிக்கை மட்டும்” என்று எழுதுங்கள். கடைசியாக, “மீண்டும் பயன்படுத்தியது ஜாமீன் மீறலாகக் கருதப்படாது, மருத்துவர் சிகிச்சையை மாற்றி அமைப்பார்” என்ற வரியைச் சேர்க்கக் கேளுங்கள். குழுமம் யோசிக்கும். உறுப்பினர்களில் இருவர் சமூகப் பணியாளர்கள், செவிலி அம்மா சொன்ன இரண்டு வார ஆபத்தை விளக்கினால் புரிந்துகொள்வார்கள். நகல் பாலக்காட்டு அலகுக்கும் போகட்டும்.

மனநல வார்டு செவிலி

மனுத் தேதிவரை இருக்க வேண்டாம், நாளைக் காலையே வாருங்கள். மனநல ஓ.பி.யில் கூட்டம் சேர்வதற்கு முன் சீட்டு வாங்குங்கள். கொண்டுவர வேண்டியது: வயதுச் சான்று, ஜாமீன் உத்தரவின் நகல், காலி மாத்திரை அட்டை, மாற்றுத்துணி, கூடத் தங்க அம்மாவோ மாமனோ ஒருவர். வழியில் வாந்தி எடுப்பான், பஸ்ஸில் ஜன்னல் சீட்டாகப் பாருங்கள், ஓ.ஆர்.எஸ். கரைத்து ஒரு லிட்டர் பாட்டிலில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியாக எத்தனை மணிக்குப் போட்டான் என்பதைப் பையனிடமே கேட்டு ஒரு தாளில் எழுதி வாருங்கள். முதல் மருந்தை எப்போது கொடுப்பது என்பதை டாக்டர் அந்த நேரத்தை வைத்துத்தான் முடிவு செய்வார்.